பதம் தெரியாத பெட்டி: பிரெட் மெஷின் கதையும் முழு கோதுமை பிரெட்டும்

மேலாண்மைப் படிப்புகளில் பிரெட் மெஷினுக்கு ஒரு தனி இடம் உண்டு. மிக்ஸிக்கோ குக்கருக்கோ அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. இகுஜிரோ நோனகா 1991-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் வரும் ஒரு கதைதான் காரணம். 1995-ல் ஹிரோடகா டகேயுச்சியுடன் சேர்ந்து அவர் எழுதிய 'த நாலெட்ஜ் கிரியேட்டிங் கம்பெனி' புத்தகத்தில் அதே கதை இன்னும் விரிவாக வந்தது. ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் இந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை. ஏதாவது ஒரு டிரெய்னிங்கில் ஸ்லைடாகப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பதுதான் இந்தப் பதிவின் நோக்கம். உரசிப் பார்க்க நான் எடுத்துக்கொள்வது, வீட்டில் பிரெட் மெஷினில் செய்யும் முழு கோதுமை பிரெட். பால், வெண்ணெய், முட்டை, தேன் எதுவும் சேராத வீகன் பிரெட்; தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறார்கள். ஒரு மேலாண்மைக் கோட்பாட்டை பிரெட்டை வைத்து விமர்சிக்கலாமா என்று கேட்கலாம். கோட்பாட்டை பிரெட்டை வைத்து நிறுவியவர்களே அவர்கள்தானே!

கதை இதுதான்

1985-ல் ஒசாகாவில் மட்சுஷிடா நிறுவனம் (இன்றைய பானாசோனிக்) வீட்டுக்கான பிரெட் மெஷினை வடிவமைத்துக்கொண்டிருந்தது. மாவைச் சரியாகப் பிசைய மெஷினுக்கு வரவில்லை. மேல்தோல் கருகும், உள்ளே வேகாது. மெஷின் பிசைந்த மாவையும் பேக்கர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுக்கூடப் பார்த்தார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போது இகுகோ டனகா என்ற பெண் ஒரு யோசனை சொன்னார். அவர் அந்தக் குழுவின் சாஃப்ட்வேர் டெவலப்பர். ஒசாகாவிலேயே நல்ல பிரெட்டுக்குப் பெயர்போனது ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டல். அங்கே தலைமை பேக்கரிடம் போய்க் கற்றுக்கொண்டால் என்ன? போனார். பேக்கர் மாவைப் பிசையும்போது அதை ஒரு தனி விதமாக இழுக்கிறார் என்பதைக் கவனித்தார். எஞ்சினியர்களோடு ஒரு வருடம் மாற்றி மாற்றி முயன்ற பிறகு, பாத்திரத்தின் உள்பக்கம் சில விலா எலும்பு போன்ற மேடுகளை வைத்து அந்த இழுப்பை மெஷினுக்குள் கொண்டுவந்தார்கள். 1987-ல் 'ஹோம் பேக்கரி' சந்தைக்கு வந்தது, முதல் வருடத்திலேயே விற்பனையில் சாதனை படைத்தது.

நோனகா இதிலிருந்து எடுக்கும் பாடம்: பேக்கரின் கையில் இருந்த, அவரால் சொல்ல முடியாத அறிவை டனகா பழகிப் பெற்றார், பிறகு அதைச் சொல்லாக, அளவாக, வரைபடமாக மாற்றினார், கடைசியில் அது ஒரு பொருளாக ஆனது. கைப்பக்குவம் வெளிப்படை அறிவாக மாறிவிட்டது. ஒரு நிறுவனம் அறிவை உருவாக்குவது இப்படித்தான்.

கதை அழகானது. டனகா ஒரு சாஃப்ட்வேர் ஆள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் கதை முழுக்கத் தேடினாலும் ஒரு விஷயம் கிடைக்காது. மாவு என்ன மாவு?

மாவை மாற்றிப் பாருங்கள்

அந்த மெஷின் குறிவைத்தது ஜப்பானியர்கள் ஷோகுபான் என்று சொல்லும் பிரெட்டை. வெள்ளை மாவு, பால், வெண்ணெய், சர்க்கரை சேர்த்த மெத்தென்ற சதுர பிரெட். இன்று கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பிரெட் மெஷின்களின் கையேட்டைத் திறந்தால், முதல் செய்முறை இதற்கு ஒன்றுவிட்ட உறவாகத்தான் இருக்கும். பால் பவுடர், வெண்ணெய், சர்க்கரை, வெள்ளை மாவு.

இப்போது அந்தப் பாத்திரத்தில் நம் ஊர்க் கோதுமை மாவைப் போடுவோம்.

ஒரு கோதுமை மணியில் சுமார் 83 சதவீதம் மாவுப்பகுதி, 14 சதவீதம் தவிடு, 3 சதவீதம் முளை. வெள்ளை மாவு என்பது முதலாவது மட்டும். முழு கோதுமை என்றால் மூன்றும். பிரெட் உப்பி நிற்பது குளூட்டன் வலையால். ஈஸ்ட் வெளிவிடும் வாயுவை அந்த வலை பிடித்துவைக்கிறது. தவிட்டுத் துணுக்குகள் இந்த வலையின் குறுக்கே விழுந்து அதை அறுக்கின்றன. தவிடு தண்ணீரையும் நிறையக் குடிக்கும், ஆனால் மெதுவாகக் குடிக்கும். பிசையத் தொடங்கும்போது சேறு மாதிரி இருக்கும் மாவு, அரை மணி கழித்து இறுகிப்போய் நிற்பது இதனால்தான்.

இங்கே கதையின் நாயகனான அந்த 'இழுப்பு' அவ்வளவாக உதவுவதில்லை. காய்ந்த தவிடு உள்ள மாவை எவ்வளவு நேர்த்தியாக இழுத்தாலும் வலை அறுபடத்தான் செய்யும். முழு கோதுமைக்கு முதல் தேவை ஓய்வு. மாவும் தண்ணீரும் கலந்து சும்மா கிடக்க வேண்டும். தவிடு ஊறி மென்மையாகும், குளூட்டன் பிசையாமலே ஓரளவு தானாகச் சேர்ந்துகொள்ளும். பிரெஞ்சு பேக்கரிப் பேராசிரியர் ரேமண்ட் கால்வெல் 1970-களில் 'ஆட்டோலிஸ்' என்று பெயர் வைத்துப் பரப்பியது இந்த முறையைத்தான். சப்பாத்தி மாவைப் பிசைந்து துணி போட்டு மூடி வைக்கும் எந்த வீட்டுக்கும் இது புதிதில்லை.

மெஷின் செய்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் முழு கோதுமைக்குத் தனி புரோகிராம் இருக்கிறது. சாதாரண பிரெட் நான்கு மணி நேரத்தில் முடியும் மெஷினில், முழு கோதுமைக்கு ஐந்து மணி நேரம் ஆகலாம். கூடுதல் நேரத்தில் ஒரு பகுதி, ஆரம்பத்தில் ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது. பல மாடல்களில் ஈஸ்ட்டுக்கு மூடியில் தனி அறை வைத்து, இந்த ஓய்வு முடிந்த பிறகு உள்ளே விழவைக்கிறார்கள்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அந்த புரோகிராம் எழுதியவர்கள் மனதில் இருந்த முழு கோதுமை மாவு வேறு, நம் டப்பாவில் இருப்பது வேறு.

நம்முடைய கோதுமை மாவு சப்பாத்திக்காக அரைக்கப்படுவது. சக்கியில் கல்லுக்கிடையே அழுந்தி அரைபடும்போது ஸ்டார்ச் துகள்கள் நிறைய உடைகின்றன. உடைந்த ஸ்டார்ச் அதிகத் தண்ணீரை இழுக்கும். சப்பாத்தி மெத்தென்று உப்ப அது நல்லது. பிரெட்டில் அதே குணம் பிசுபிசுப்பாக வெளிப்படும். தவிர, சப்பாத்திக்கு இட்டால் சுருங்காமல் விரிந்து கொடுக்கும் மாவு வேண்டும். பிரெட்டுக்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் முறுக்கு வேண்டும். பாக்கெட்டில் புரதம் இத்தனை கிராம் என்று போட்டிருப்பது இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. வெளிநாட்டுச் செய்முறையின் அளவை எழுத்துப் பிசகாமல் நம் மாவுக்குப் போட்டால், பெரும்பாலும் குள்ளமான, கனமான ஒரு செங்கல் வெளியே வரும். மெஷின் தன் வேலையை முழுதாக முடித்திருக்கும். 'பீப்' என்று சந்தோஷமாகச் சத்தமும் போடும்.

பாலை எடுத்தால் என்ன போகிறது

வீகன் பிரெட் என்றதும் எதையோ இழந்த பிரெட் என்ற எண்ணம் வருகிறது. கையேடுகளும் அப்படித்தான் நடத்துகின்றன: பாலுக்குப் பதில் இது, வெண்ணெய்க்குப் பதில் அது. உண்மையில் பிரெட்டின் அடிப்படை வடிவத்தில் பாலே கிடையாது. பிரான்சில் 'பாரம்பரிய பிரெஞ்சு பிரெட்' என்று விற்க 1993-ம் ஆண்டு அரசாணை ஒன்று இருக்கிறது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, இவைதான் அதன் அடிப்படை. பாலை எடுக்கும்போது நாம் விலகுவது ஷோகுபானிலிருந்துதான்.

ஆனாலும் பால் சில வேலைகளைச் செய்துகொண்டிருந்தது, அதைத் தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது. பேக்கரி ஈஸ்ட்டுக்கு நாம் போடும் சர்க்கரை உணவு. பாலில் உள்ள லாக்டோஸை அதனால் சாப்பிட முடியாது. அது அப்படியே கடைசிவரை தங்கி, பால் புரதத்தோடு சேர்ந்து மேல்தோலைச் சிவக்க வைக்கிறது. பால் பவுடரை எடுத்துவிட்டால் அதே புரோகிராமில் தோல் வெளுத்துப்போகும். மெஷினில் 'டார்க்' பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முட்டையின் இடத்தைச் சோயா பால் ஓரளவு நிரப்பும். அதிலும் புரதமும் லெசித்தினும் இருக்கின்றன. தேனுக்கு நாட்டுச் சர்க்கரை போதும். வெண்ணெய்க்கு எந்தச் சமையல் எண்ணெயும் போதும். எங்கள் வீட்டில் கடலை எண்ணெய்.

வீகன் பிரெட்டுக்கு மெஷினில் ஒரு தெளிவான லாபமும் இருக்கிறது. இரவே எல்லாவற்றையும் போட்டுவிட்டு டைமர் வைப்பதென்றால், பாலும் முட்டையும் வேண்டாம், கெட்டுவிடும் என்று கையேடுகள் எச்சரிக்கும். நமக்கு அந்தக் கவலையே இல்லை.

என் அளவு, வேண்டுபவர்களுக்காக: சக்கிக் கோதுமை மாவு 400 கிராம், குளூட்டன் பொடி 25 கிராம், தண்ணீர் 310 மில்லி, நாட்டுச் சர்க்கரை 20 கிராம், எண்ணெய் 20 மில்லி, உப்பு 7 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம். இவை தொடக்கம் மட்டுமே. மாவு பிராண்ட் மாறினால் தண்ணீர் 20 மில்லி இப்படியோ அப்படியோ போகும். சென்னை மே மாதத்தில் தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, ஈஸ்ட்டை 3 கிராமாகக் குறைப்பேன். அறையே 34 டிகிரியில் இருக்கும்போது மாவு புரோகிராம் நினைப்பதைவிட முன்னாலேயே உப்பி முடித்து, அடுப்பு சூடாகும் நேரத்தில் நடுவில் குழிந்துவிடும்.

முக்கியமானது இதற்குப் பிறகு வருகிறது. பிசையத் தொடங்கி பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மாவு உருண்டையாகச் சேர்ந்து பக்கங்களை விட்டு விலகி, அடியில் லேசாக ஒட்ட வேண்டும். விரலால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் கையோடு வரக்கூடாது. வெள்ளை மாவு என்றால் இந்த நிலையில் கண்டதே முடிவு. கோதுமை மாவு என்றால் கொஞ்சம் கூடுதலாகவே ஒட்டட்டும் என்று விட வேண்டும், தவிடு இன்னும் குடிக்கப் போகிறது. எவ்வளவு கூடுதலாக? எழுதத் தெரியவில்லை. அதற்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: பதம்.

அறிவு எங்கே போனது

ஒரு எஞ்சினியராக இந்தப் பெட்டியைப் பார்த்தால் விஷயம் சுலபமாகப் புரியும். உள்ளே ஒரு மோட்டார், ஒரு ஹீட்டர், ஒரு வெப்ப சென்சார், ஒரு டைமர். வெப்பத்துக்கு மட்டும் பின்னூட்டம் உண்டு: சூடு கூடினால் ஹீட்டர் அணையும். சில மாடல்கள் அறை வெப்பத்தைப் பார்த்து ஓய்வு நேரத்தை நீட்டும், குறைக்கும். மாவு இறுகியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா, உப்பியதா, இன்னும் வேண்டுமா என்பதற்குப் பின்னூட்டமே கிடையாது. மாவைப் பொறுத்தவரை அது கண்ணைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து ஓடும் நிரல்.

ஹோட்டல் பேக்கர் அப்படி வேலை செய்திருக்க மாட்டார். எந்த பேக்கரும் அப்படிச் செய்வதில்லை. மாவு மூட்டை மாறினால், மழை பெய்தால், கை தானாக மாற்றிச் செய்யும். டனகா பிடித்தது அந்தக் கையின் ஓர் அசைவை. அந்த அசைவு எப்போது வேண்டும், எப்போது போதும் என்ற தீர்ப்பு பெட்டிக்குள் வரவில்லை. பிறகு பெட்டி எப்படி வேலை செய்தது? தீர்ப்பே தேவைப்படாதபடி சுற்றியுள்ள எல்லாவற்றையும் நிலைப்படுத்தியதால். ஒரே சீரான ஆலை மாவு, கிராம் கணக்கில் அளவு, அளவான உலர் ஈஸ்ட், அச்சடித்த செய்முறை. அறிவின் ஒரு பகுதி மாவு ஆலைக்குப் போனது, ஒரு பகுதி கையேட்டில் 'இதை மட்டும் போடவும்' என்ற கட்டுப்பாடாக மாறியது, மீதி வாங்குபவரிடம் வந்து சேர்ந்தது. வெள்ளை மாவில் இது கண்ணில் படாது. முழு கோதுமையில், அதுவும் பால் இல்லாமல், ஒவ்வொரு தையலும் பிரிந்து தெரிகிறது.

இந்த விமர்சனத்தின் முதல் பாதி என்னுடையதல்ல. ரோட்ரிகோ ரிபெய்ரோவும் ஹாரி காலின்ஸும் 2007-ல் இதே மெஷினைப் பற்றி 'ஆர்கனைசேஷன் ஸ்டடீஸ்' ஆய்விதழில் எழுதினார்கள். செயல்களை அவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்தாலே நிறைவேறிவிடும் செயல்கள் ஒரு வகை. இடம், ஆள், சூழல் பார்த்து ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி செய்தால்தான் நிறைவேறும் செயல்கள் இன்னொரு வகை. நம் ஊர் உதாரணம் சொல்வதென்றால், இலை போடுவது முதல் வகை, பந்தியில் பரிமாறுவது இரண்டாம் வகை. மெஷினால் முதல் வகையை மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும். பேக்கரின் கைப்பக்குவம் முழுதும் உள்ளே போய்விட்டது என்பது தவறு என்று அவர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கிறேன்.

எனக்கு அவர்களோடு உள்ள வேறுபாடு சிறியது. அவர்கள் பயனரைக் கவனிக்காமல் இல்லை. ஆனால் மெஷின் விட்ட ஓட்டையை அடைப்பவராகவே அவரைப் பார்க்கிறார்கள் என்பது என் வாசிப்பு. பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்ப்பவர் ஓட்டை அடைப்பதோடு நிற்கவில்லை. ஹோட்டல் பேக்கருக்குத் தெரியாத ஒன்றை அவர் கற்றுக்கொள்கிறார்: நிறுத்த முடியாத ஒரு கடிகாரத்துக்கு மாவை முன்கூட்டியே ஒத்துப்போக வைப்பது. தண்ணீரைக் குளிரவைப்பது, ஈஸ்ட்டைக் குறைப்பது எல்லாம் அந்த வித்தை. இது புதுக் கைப்பக்குவம். மெஷின்தான் இதைப் பிறப்பித்தது.

நமக்கு இதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. வெட் கிரைண்டர் ஆட்டுக்கல்லின் சுழற்சியை எடுத்துக்கொண்டது, கை வலியை எடுத்துக்கொண்டது. உளுந்து பொங்கிவிட்டதா என்று பார்ப்பது, தண்ணீர் தெளிப்பது, மாவை விரலால் எடுத்துப் பார்ப்பது எல்லாம் மனிதரிடமே இருந்தன. மழைக்காலத்தில் மாவை முன்னாலேயே கரைத்துவைப்பதும் அப்படித்தான். கிரைண்டரில் பாட்டியின் அறிவு இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. அதன் மூடியும் திறந்து பார்ப்பதற்கென்றே இருப்பது. பிரெட் மெஷினோ, போட்டுவிட்டுப் போய்விடலாம் என்று வாக்குக் கொடுத்து விற்கப்படுவது.

ஏன் இது முக்கியம்

இது சமையலறையோடு நிற்கிற விஷயமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நான் வேலை செய்யும் துறையில் கே.டி. என்று ஒரு சடங்கு இருக்கிறது: நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர். ஒருவர் போகிறார் என்றால் மூன்று வாரம், தினம் இரண்டு மணி நேரம், அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்லப் பதிவு செய்துகொள்வோம். கடைசி நாளில் ஒரு எக்செல் ஷீட்டில் எல்லா வரியிலும் 'முடிந்தது' என்று பச்சை நிறம் வந்துவிடும். பதினெட்டு வருடம் ஒரே சிஸ்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை அப்படி வழியனுப்பியதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர் சொன்ன எல்லாம் ஆவணத்தில் இருந்தன. லாக் ஃபைலைப் பார்த்ததும் 'இது சரியில்லையே' என்று அவர் நிமிர்ந்து உட்காரும் அந்தக் கணம் மட்டும் எந்த வரியிலும் இல்லை. அது எக்செல்லில் ஏறாது என்பதற்காக அது இல்லாத ஒன்றாகிவிடாது.

நோனகாவின் கதை இந்தச் சடங்குக்கு ஒரு கௌரவம் தருகிறது. அவர் அதற்காக எழுதவில்லை. சொல்லப்போனால் அவர் கதையில் டனகா பேக்கரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கவில்லை, தானே போய்ப் பக்கத்தில் நின்று பழகினார். கே.டி. செய்பவர்கள் விட்டுவிடுவது அந்தப் பாதியைத்தான். ஆனால் கதையின் முடிவு, அறிவு ஆளிடமிருந்து கழன்று பெட்டிக்குள் போய்விட்டது என்று சொல்லாமல் சொல்கிறது. 1991 கட்டுரையில் டனகாவுக்குப் பெயர் இருக்கிறது, ஹோட்டலுக்குப் பெயர் இருக்கிறது. அந்தத் தலைமை பேக்கருக்குப் பெயர் இல்லை. அவர் சொல்லிக்கொடுத்து முடித்ததும் கதைக்கு அவர் தேவைப்படவில்லை.

மெஷினை நான் குறைசொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை அது எங்கள் வீட்டில் ஓடுகிறது. மணிக்கட்டு வலி உள்ள ஒருவர், இரட்டை ஷிஃப்ட் பார்க்கும் ஒருவர், உள்ளே என்ன போகிறது என்று தெரிந்து தன் பிரெட்டைத் தானே செய்துகொள்ள முடிகிறது என்றால் அது பெரிய விஷயம். டனகாவும் அவர் குழுவும் அந்தப் பாராட்டுக்கு முழுத் தகுதி உடையவர்கள். அந்தப் பாராட்டுக்குக் கைப்பக்குவத்தையே பெட்டிக்குள் அடைத்துவிட்டார்கள் என்ற கூடுதல் உரிமைகோரல் தேவையில்லை.

இந்தக் கதையை வகுப்பில் சொல்பவர்களுக்கு என் யோசனை ஒன்று. ஸ்லைடைக் காட்டி முடித்ததும் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வையுங்கள். மாணவர்களிடம் ஒரு கிலோ சக்கிக் கோதுமை மாவும், பால் இல்லாத ஒரு செய்முறையும் கொடுங்கள். மூடியைத் திறக்கக் கூடாது என்று பாதிப் பேரிடம் சொல்லுங்கள், திறக்கலாம் என்று மீதிப் பேரிடம் சொல்லுங்கள். ஐந்து மணி நேரம் கழித்து இரண்டையும் வெட்டி, அறிவு எங்கே இருந்தது என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.